நண்டுக்கு வழி வெட்டிய குற்றம்

போன மாதம், என் பழைய அலுவலகத்தில் இன்னும் வேலை செய்கிற ஒரு பெண் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கோட்டு போட்ட அதிகாரி ஒருவர் நண்டுக் கூண்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கூண்டின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் திறப்பு. குட்டி நண்டுகள் தப்பிப் போக வழிவிடும் புதிய கண்டுபிடிப்பு என்று கீழே எழுதியிருந்தது. "அக்கா, இது நீங்க அப்பவே செஞ்சதுதானே?" என்று கேட்டிருந்தாள்.

ஆமாம், செய்ததுதான். அதற்காகத் தண்டனையும் வாங்கினேன். கண்டுபிடிப்பு யாருடையது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. நடுவில் நடந்ததை எல்லாரும் சேர்ந்து விழுங்கிவிட்டார்களே, அதுதான் பொறுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பெயர் மாலா. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுத்தார்கள். படிப்பு முடிந்ததும் தஞ்சோங் டாவாய்க்குக் கொஞ்சம் மேலே, மெர்போக் ஆற்றோரத்தில் இருந்த ஒரு சின்ன மீன்வள அலுவலகத்தில் களப் பணியாளர் வேலை கிடைத்தது. நீச்சல் தெரியாது. முதல் வாரம் முழுவதும் சம்பான் என்கிற சின்னப் படகில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். இரண்டு மூன்று வருஷத்தில் படகு ஓட்டவும், நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துக் கொடுக்கை மடக்கிக் கட்டவும், வயிற்று மடிப்பைப் பார்த்த மாத்திரத்தில் ஆணா பெண்ணா என்று சொல்லவும் பழகிவிட்டேன். என் கட்டைவிரலில் ஒரு பக்கம் இன்றைக்கும் உணர்ச்சி இல்லை. அது ஒரு பெரிய ஆண் நண்டின் வேலை.

எங்களுக்கு மேலதிகாரி புவான் ஹஸ்னா; புவான் என்றால் அம்மணி. குள்ளமான பெண்மணி. தலைத்துணிக்கு மேல் ஓலைத் தொப்பி, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சில். உப்புத் தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும் என்று பேனாவையே தொடமாட்டார். படகில் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் நண்டு ஓட்டின் அகலத்தை ஒரு ஓர முள்ளிலிருந்து மறு ஓர முள்வரை அளந்து சொல்வேன். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். நான் "ஆமாம்" என்ற பிறகுதான் பென்சில் தாளில் படும். "சுமார்" என்ற சொல்லை அவர் காதில் போட முடியாது. ஒரு நண்டு கை நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவார். ஒரு தடவை, "போன நண்டு மாதிரியேதான் இருந்துச்சு புவான், அதையே போட்டுடுங்க" என்றேன். அவர் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"காலியா இருந்தா காலின்னு தெரியும், மாலா. நீ சொல்றதை எழுதினா யாருக்கும் ஒண்ணும் தெரியாது" என்றார் மலாய் மொழியில்.

பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. ஆனால் திரும்பும் வழியில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கும்போது, எனக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று நான் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்து, கோழிதானா என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்பார்.

நண்டுக் கூண்டை அந்தப் பக்கத்தில் பூபு என்பார்கள். இரும்புக் கம்பிச் சட்டத்தில் வலை போர்த்திய பெட்டி. இரண்டு பக்கமும் வாய் இருக்கும். உள்ளே நுழையலாம், வெளியே வர முடியாது. நடுவில் இரைமீனைக் கட்டி, பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களின் வேர் ஓரம் இறக்கிவிட்டு, மிதவையாக ஒரு காலிப் போத்தலைக் கட்டுவார்கள். அடுத்த நாள் தூக்குவார்கள். சின்ன நண்டு வந்தால் சிலர் விடுவார்கள், பலர் விடமாட்டார்கள். நண்டு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் எங்கள் படகின் நங்கூரத்தில் ஏதோ மாட்டியது. இழுத்தால் ஒரு பழைய பூபு. அதன் மிதவைக் கயிற்றை ஏதோ படகு எப்போதோ அறுத்துவிட்டிருந்தது. சொந்தக்காரர் அதை மறந்தே போயிருப்பார். கூண்டு மட்டும் வேலையை நிறுத்தவில்லை. உள்ளே வெறும் ஓடுகள், பாதி தின்ற நண்டுகள், அவற்றின் மேல் உயிரோடு மூன்று. இரைமீன் தீர்ந்த பிறகு பசியில் செத்த நண்டே அடுத்த நண்டுக்கு இரை. அதைத் தின்ன வந்தது மாட்டிச் சாகும், அதைத் தின்ன இன்னொன்று வரும். வலை நைலான். எத்தனை வருஷமானாலும் மக்காது. நாற்றம் தாங்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புவான் ஹஸ்னா ஒவ்வோர் ஓட்டையும் எடுத்துப் பலகையில் அடுக்கி அளந்தார். அன்றைக்கு அவர் நாசி லெமாக் வாங்கவில்லை.

அதிலிருந்து இரண்டு வேலைகள் தொடங்கினோம். ஒன்று, பூபுவின் பக்கவாட்டில், அடியை ஒட்டி, குட்டி நண்டு வெளியேற ஒரு திறப்பு. வலை இழுபடாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம். இரண்டாவது, மேல் மூடியின் ஒரு பக்கத்தைப் பருத்தி நூலால் மட்டும் தைப்பது. பூபு தொலைந்துபோனால் சில வாரங்களில் நூல் மக்கி மூடி திறந்துகொள்ளும். உள்ளே இருப்பது பிழைத்துப் போகும்.

சோதனைக்குப் பூபு இறக்க ஆற்றில் யாரும் முன்வரவில்லை. கடைசியில் சம்மதித்தவர் சின்னப்பன் அண்ணன். எங்கள் ஊர்க்காரர். ரப்பர் தோட்டத்தை முதலாளி வீட்டுமனைக்கு விற்றபோது வேலை போய், மோட்டார் சைக்கிளில் பூபுகளைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு வரத் தொடங்கியவர். பால்மரம் வெட்டிய கை என்பதால் கத்தியும் கயிறும் அவருக்குச் சொன்னபடி கேட்கும். மற்றவர்கள் இயந்திரப் படகில் போனால் அவர் வாடகைச் சம்பானைத் துடுப்புப் போட்டே ஓட்டுவார்.

முதல் சோதனையில் மானம் போயிற்று. பெரிய நண்டுகளெல்லாம் திறப்பு வழியாகவே ஓடிப்போயின. நண்டின் ஓட்டு அகலத்தை வைத்துத் திறப்பை அளந்திருந்தோம். வரிசையாகக் காலிப் பூபுகளைத் தூக்கி வைத்துவிட்டு, சின்னப்பன் அண்ணன் புவான் ஹஸ்னாவைப் பார்க்காமல் என்னிடம் தமிழில் கேட்டார்.

"ஏம்மா, நண்டு எந்தப் பக்கமா நடக்கும்?"

நான் அதை மொழிபெயர்த்தேன். புவான் ஹஸ்னா பென்சிலைக் கீழே விட்டார். பக்கவாட்டில் போகும் பிராணிக்கு அகலம் ஒரு தடையே இல்லை. உடம்பின் தடிமனும் முன்பின் நீளமும்தான் தடை. இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கில் நண்டு அளந்த இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. அன்றைய தாளில் அவர், "திறப்பின் அளவு தவறு. சொன்னவர்: மீனவர் சின்னப்பன்" என்று எழுதினார். பெயரை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டு, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார்.

அளவை மாற்றினோம். மூன்று விரல் உயரம், ஒரு கை அகலம். ஒரு வருஷம் முழுவதும் திறப்புள்ள பூபுவையும் இல்லாததையும் ஜோடி ஜோடியாக இறக்கினோம். பெரிய நண்டு இரண்டிலும் ஒரே மாதிரி வந்தது. குட்டிகள் மட்டும் திறப்பு வழியாகப் போய்விட்டன. இன்னொன்றும் தெரிந்தது. நெரிசல் இல்லாததால் உள்ளே சண்டை குறைந்தது, கொடுக்கு முறியாத முழு நண்டு கூடுதலாகக் கிடைத்தது. சின்னப்பன் அண்ணன் அதைக் கரையில் எல்லாரிடமும் காட்டினார். நாங்கள் போட்ட கூட்டங்களுக்கு வராதவர்கள் அவர் மோட்டாரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அடுத்த மாதமே சிலர் வந்து எங்கே வெட்டுவது என்று கேட்டார்கள்.

அறிக்கை மேலே போனது. எல்லா மீனவருக்கும் புதுப் பூபு கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. பூபு எப்படி இருக்க வேண்டும் என்ற விவரக் குறிப்பை நானும் புவான் ஹஸ்னாவும் சேர்ந்து எழுதினோம். அதை அனுப்பிய கையோடு அவர் ஓய்வு பெற்றுப் போனார்.

அவர் இடத்துக்குத் தலைவராக வந்தவரின் பெயர் வேண்டாம். நல்ல பேச்சுக்காரர், எல்லாரிடமும் சிரிப்பார். படகில் ஏறி நான் பார்த்ததில்லை. குத்தகைக்காரர் அனுப்பிய பூபுகள் லாரியில் வந்து இறங்கியபோது சரிபார்க்கும் வேலை எனக்கு. ஸ்டோரில் முதல் பூபுவைக் கையில் எடுத்தேன். அடிப்பக்கத்தில் பிளாஸ்டிக் சட்டம் இருந்தது, சொன்ன அளவு, சொன்ன இடம். விரலை விட்டுப் பார்த்தேன். விரல் போகவில்லை. சட்டத்துக்குப் பின்னால் வலையை வெட்டவே இல்லை. முழு வலையின் மேல் சட்டத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் திறப்பு மாதிரியே இருக்கும். அடுத்ததும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும்.

மூடியில் வெள்ளை நூல். ஒரு துண்டு வெட்டி நெருப்புக்குச்சி கிழித்துப் பிடித்தேன். பருத்தியாக இருந்தால் சாம்பலாகி உதிரும். இது உருகி, கறுப்பு உருண்டையாகி விரலில் ஒட்டிச் சுட்டது. நைலான்.

உருண்டையையும் ஒரு பூபுவையும் தூக்கிக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன். அவர் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. சட்டம் இருக்கிறது, நூல் வெள்ளையாக இருக்கிறது, குறிப்பில் உள்ளவை எல்லாம் வந்திருக்கின்றனவே என்றார். நாளைக்குப் பூபு கொடுக்கும் விழாவுக்குப் பெரியவர்கள் வருகிறார்கள், பந்தல் போட்டாயிற்று, குறை இருந்தால் பிறகு ஆற அமரச் சரி செய்யலாம் என்றார். சரக்குச் சரிபார்ப்பு ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். "சரிபார்த்தேன், விவரக் குறிப்பின்படி உள்ளது" என்று அதில் அச்சடித்திருந்தது.

நான் கையெழுத்துப் போட்டேன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மிரட்டினார்களா என்றால் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். நான் சாதாரணப் பணியாளர், அவர் தலைவர், மறுநாள் விழா. புவான் ஹஸ்னாவுக்குப் போன் அடித்திருக்கலாம். வெட்கத்தில் அதையும் செய்யவில்லை.

மறுநாள் பந்தலில் மீனவர்கள் வரிசையாக வந்து வாங்கினார்கள். சின்னப்பன் அண்ணன் தன் முறை வந்ததும் பூபுவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ பார்த்ததுதானேம்மா?" என்றார். நான் தலையாட்டினேன்.

ஒரு வாரம் கழித்து மேலே மலைப்பக்கம் கனத்த மழை. ஆறு மரங்களையும் மட்டைகளையும் அடித்துக்கொண்டு வந்தது. மிதவைகள் அறுந்து பூபுகள் மூலைக்கு மூலை போய்ச் சேற்றில் புதைந்தன. நூல் மக்கித் திறந்திருக்க வேண்டிய நாள் வந்தது, போனது. ஒன்றும் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சின்னப்பன் அண்ணனின் மோட்டார் வந்து நின்றது. பின்னால் கட்டியிருந்த பூபுவை அவிழ்த்துச் சிமெண்டுத் தரையில் வைத்தார். வேர்களுக்கு நடுவிலிருந்து கிளறி எடுத்தது என்றார். உள்ளே குட்டி ஓடுகள் கொத்தாக ஒட்டிக்கிடந்தன. மூலையில் ஒரு பெரிய பெண் நண்டு, முட்டை கட்டும் பருவம். இரண்டு கொடுக்கும் இல்லை. உயிர் மட்டும் இருந்தது. அவர் விரலைச் சட்டத்துக்குள் வைத்து வலையை அழுத்திக் காட்டினார். கோபமாகப் பேசவில்லை.

"கையெழுத்து யாரோடதும்மா?"

"என்னோடதுதாண்ணே."

அவர் பூபுவை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நானே வலையை அறுத்து, அந்த நண்டை ஒரு வாளியில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போய் விட்டேன். பிழைத்ததோ என்னவோ.

திங்கட்கிழமை தலைவரிடம் போய், பூபுகளைத் திரும்ப வாங்கிச் சரிசெய்யலாம் என்றேன். திட்டம் முடிந்துவிட்டது, கணக்கு மூடியாயிற்று என்றார். எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அந்தக் கடிதம் வந்ததற்கான பதிவே இல்லை என்றார்கள். அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. என்னுடைய சொந்த விடுமுறையை எடுத்தேன். பெரிய கத்தரிக்கோல் இரண்டு வாங்கினேன். புக்கிட் செலம்பாவ் கோயில் பக்கத்துப் பூக்கடையில் மாலை கட்டும் பருத்தி நூல் கண்டுகளை மொத்தமாக வாங்கி, நாலைந்து இழைகளைச் சேர்த்து முறுக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன்.

முதல் நாள் இரண்டு பேர்தான் பூபு கொண்டுவந்தார்கள். சட்டத்துக்குள் இருந்த வலையை வெட்டி எடுத்தேன், நைலானைப் பிரித்துப் பருத்தியால் தைத்தேன். நான் கையெழுத்துப் போட்ட கதையை வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒருவர் காறித் துப்பிவிட்டுப் பூபுவைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். போகட்டும் என்று அடுத்ததை வெட்டினேன். மூன்றாம் நாள் சின்னப்பன் அண்ணன் வந்தார். எதிரே குந்தி, இரண்டாவது கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முடிவதற்குள் துறையில் பூபு மலை மாதிரி குவிந்தது. தொலைந்தவற்றையும் ஆற்றில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத் தேடி எடுத்து வந்தார்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்றே மேசையில் கடிதம். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நன்றாகக் கவனியுங்கள். திறப்பு வைக்க வேண்டும் என்று அரசாங்கக் குறிப்பில் இருந்தது. திறப்பு வைக்காதவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். திறப்பு வைத்தவள் சேதப்படுத்தியவள்.

விசாரணை அலோர் ஸ்டாரில், மாநிலத் தலைமை அலுவலகத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். போகும்போது வராந்தாவில் ஓலைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு புவான் ஹஸ்னா உட்கார்ந்திருந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார். பழைய தாள்களின் நகல் ஒரு கட்டு அவர் கையில். ஓய்வு பெற்றவரைச் சாட்சியாகக் கேட்க விதி இல்லை என்று அவரை உள்ளே விடவில்லை. அவரைப் பார்த்ததும் நான் தலை குனிந்தேன். "நிமிர்ந்து போ" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே போனதும், எத்தனை பூபுகளை வெட்டினாய், யார் அனுமதித்தார்கள் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

"நான் செஞ்ச தப்பு வெட்டினது இல்லே. சரியில்லாத சரக்குக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டதுதான் தப்பு. அதுக்குத் தண்டனை குடுங்க, ஏத்துக்கிறேன்."

நடுவில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். கையெழுத்து விவகாரம் இன்றைய விசாரணையில் சேராது, அதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று எழுத்தரிடம் சொன்னார். மலாயில், மிக மரியாதையாக. என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாக அவமானப்படுத்தியதில்லை.

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கரங்கானுக்கு மாற்றினார்கள். நாலு பக்கமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம், நடுவில் குளத்து மீன். ஆற்று வாடையே இல்லாத இடத்தில் கெளுத்திக்குத் தீனி எடைபோட்டு என் கடைசி வருஷங்களைக் கழித்தேன். அந்தத் தலைவர் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போனார். பூபு அனுப்பியவருக்கு அடுத்த திட்டத்திலும் குத்தகை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். ஆற்றில் மட்டும் நாங்கள் வெட்டியது நின்றது. புதுப் பூபு வாங்கினால் முதல் வேலையாகத் திறப்பு வெட்டுகிறவர்கள் இன்றைக்கும் பல பேர். சின்னப்பன் அண்ணன் இப்போது கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நூல் மாற்றித் தருகிறார். பருத்தி முடிந்துவிட்டால் எனக்குப் போன் அடிப்பார். வாங்கிக்கொண்டு போவேன்.

போன வாரம் ஓய்வூதிய விஷயமாக அலுவலகம் போயிருந்தேன். அங்கிருந்த எழுத்தர் நல்ல பிள்ளை. என் ஃபைலைப் பார்த்து வருத்தப்பட்டார். காலம் கடந்துவிட்டதால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கைக் கடிதத்தை நீக்கிவிடலாம், பெயர் சுத்தமாகிவிடும் என்றார். ஃபாரத்தையும் பேனாவையும் நீட்டினார். அந்த ஃபைலில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் புரட்டினார். எங்கள் ஒரு வருஷச் சோதனைத் தாள்கள் இல்லை. நான் எழுதிய இரண்டு கடிதங்களும் இல்லை. சரக்கு விவரக் குறிப்பின்படி உள்ளது என்று நான் கையெழுத்துப் போட்ட ஃபாரம் மட்டும் பத்திரமாக இருந்தது. அதற்கு அடுத்த தாள் எச்சரிக்கைக் கடிதம். அரசாங்கம் கொடுத்த பூபுகளின் வலையில் இந்த ஊழியர் அனுமதியின்றித் திறப்பு வெட்டினார் என்று அதில் முத்திரை குத்தி எழுதியிருக்கிறது.

திறப்பு ஏற்கெனவே இருந்திருந்தால் நான் எதை வெட்டினேன்?

திறப்பு வரவில்லை என்பதற்குச் சாட்சியான அந்த ஒரு தாளை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது என் பொய் மட்டும்தான். பேனாவை எழுத்தரிடம் திருப்பிக் கொடுத்தேன். "இருக்கட்டும் தம்பி, அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.